செங்கற்பட்டில் நடிகவேள்

மாமல்லபுரம் போகிறவர்கள் இப்போதெல்லாம் சென்னையிலிருந்து கடற்கரைச் சாலையில் காரை விட்டுக்கொண்டு நேரே போய் இறங்கிவிடுகிறார்கள். நான் பழைய ஆசாமி. எழும்பூரில் ரயில் ஏறி, கொளவாய் ஏரியை ஜன்னல் வழியாகக் கண்ணாரப் பார்த்துவிட்டு, செங்கற்பட்டு ரயிலடியில் ஒரு காப்பி குடித்து, திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் போனால்தான் எனக்கு மாமல்லபுரம் போன மாதிரி இருக்கும். சென்ற மாதம் அப்படித்தான் புறப்பட்டேன். துணைக்குத் தங்கை மகன் வந்திருந்தான். இருபத்திரண்டு வயசு. பஸ்ஸுக்கு நேரம் இருந்தது.

"இந்த ஊரில் பார்க்க என்ன மாமா இருக்கிறது?" என்று கேட்டான்.

"கோர்ட்டு இருக்கிறது."

"கோர்ட்டையா போய்ப் பார்ப்பார்கள்?"

"எம்.ஆர். ராதாவுக்கு ஏழு வருஷம் போட்ட கோர்ட்டு" என்றேன்.

பையன் முகம் மலர்ந்துவிட்டது. ராதா இறந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு பிறந்தவன் அவன். அந்தக் குரலை அப்படியே தொண்டையில் வைத்திருக்கிறான்! ரயிலடி என்றும் பாராமல் ஓர் இழுப்பு இழுத்துக் காட்டினான். பக்கத்தில் முறுக்கு விற்றுக்கொண்டிருந்த அம்மாள்கூடச் சிரித்துவிட்டாள். தமிழ் சினிமாவில் எத்தனையோ அழகான குரல்கள் வந்து போயின. கரகரப்பும் கீச்சும் மாறி மாறி வரும் இந்த ஒரு குரல்தான் தகப்பனிடமிருந்து பிள்ளைக்குச் சொத்து மாதிரி இறங்கிக்கொண்டே இருக்கிறது.

கோர்ட்டு வாசலில் போய் நின்றோம். பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. கறுப்பு அங்கிகளும், ஜெராக்ஸ் கடைகளும், வாய்தாவுக்கு வந்து மரத்தடியில் சோர்ந்து உட்கார்ந்திருக்கும் கிராமத்து ஜனங்களும்தான். ஆனாலும் எனக்கு ராதாவின் கதையை அங்கிருந்து ஆரம்பிப்பதுதான் சௌகரியமாக இருக்கிறது.

1967-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 12-ஆம் தேதி, பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, மாலை வேளையில் ராதா ஒரு படத் தயாரிப்பாளருடன் ராமாவரம் தோட்டத்துக்குப் போனார். எம்.ஜி.ஆர். வீடு அது. சற்று நேரத்தில் துப்பாக்கி வெடித்தது. எம்.ஜி.ஆருக்கு இடது காதோரம் குண்டு பாய்ந்து கழுத்தில் தங்கியது. ராதாவுக்கு நெற்றிப் பொட்டிலும் கழுத்திலும் காயம். இரண்டு பேரையும் ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

ராமாவரம், நந்தம்பாக்கம் எல்லாம் இன்றைக்குச் சென்னைப் பட்டணத்தின் வயிற்றுக்குள் இருக்கின்றன. அன்றைக்கு அவை செங்கற்பட்டு ஜில்லா. அந்த ஜில்லாவின் அமைப்பே ஒரு வேடிக்கை: பெயர் செங்கற்பட்டு, கலெக்டர் இருந்தது சைதாப்பேட்டையில், ஸெஷன்ஸ் கோர்ட்டு மட்டும் செங்கற்பட்டில். ஆகையால் சினிமா உலகத்தின் ஆகப் பெரிய வழக்கு பட்டணத்தின் பெரிய கட்டடங்களை எல்லாம் விட்டுவிட்டு இந்த ஏரிக்கரை ஊருக்கு வந்து சேர்ந்தது.

ராதாவின் வாதம், எம்.ஜி.ஆர்.தான் முதலில் தம்மைச் சுட்டார் என்பது. கோர்ட்டு அதை ஏற்கவில்லை. 1967 நவம்பர் 4-ஆம் தேதி ஏழு வருஷக் கடுங்காவல் என்று தீர்ப்பாயிற்று. இத்தனை நெருக்கத்தில் சுட்டும் இரண்டு பேரும் எப்படிப் பிழைத்தார்கள் என்ற கேள்விக்குத் தடய நிபுணர்கள் சொன்ன விடை எனக்குக் கதை எழுதுகிறவன் என்ற முறையில் மிகவும் பிடிக்கும். தோட்டாக்கள் பழசு. 1950-இல் வாங்கியவை. மேஜை டிராயரில் கிடந்து, திறக்கும்போதும் மூடும்போதும் வருஷக்கணக்கில் உருண்டு உராய்ந்து வீரியம் குறைந்து போயிருந்தன. நானே ஒரு நாவலில் இப்படி எழுதினால், "ஆசிரியர் தம் வசதிக்குச் செய்துகொண்டார்" என்று கடிதம் போடுவீர்கள்.

அந்தக் குண்டு செய்த மற்ற காரியங்கள் உங்களுக்குத் தெரியும். கழுத்தில் கட்டுப் போட்ட எம்.ஜி.ஆரின் படம் சுவர்தோறும் ஏறிற்று. அடுத்த மாதத் தேர்தலில் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபடியே பரங்கிமலையில் ஜெயித்தார். அதுவும் செங்கற்பட்டு ஜில்லாதான். ராஜ்யத்தில் ஆட்சி மாறியது. அண்ணாதுரை முதல் மந்திரி ஆனார். அவர் காஞ்சீபுரத்துக்காரர், அதுவும் செங்கற்பட்டு ஜில்லாதான்! இதை வைத்து இன்றைக்கும் அரசியல் பேசுகிறவர்கள் உண்டு. நான் அதில் இறங்கப் போவதில்லை. தண்டனை அடைந்தவர் எப்படிப்பட்ட நடிகர் என்பதுதான் என் விஷயம்.

சென்னை சிந்தாதிரிப்பேட்டையில் 1907-இல் பிறந்தவர் அவர். எம்.ஆர். என்ற முதலெழுத்துகளில் மெட்ராஸ் இருக்கிறது. தகப்பனார் ராணுவத்தில் இருந்து முதல் உலக யுத்தத்தில் மாண்டு போனார். பையன் படிக்கவில்லை. சாப்பாட்டில் தமக்கு மீன் துண்டு சின்னதாக வைத்துவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு வீட்டை விட்டு ஓடினதாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஓடின பிள்ளைகளை அந்தக் காலத்தில் நாடகக் கம்பெனிகள்தாம் பொறுக்கி எடுத்துக்கொள்ளும். பாய்ஸ் கம்பெனிகளில் அடியும் உதையும் பட்டு வளர்ந்த ஒரு பெரிய பரம்பரை நமக்கு உண்டு. ராதா அதில் ஒருவர். வேஷம் கட்டுவதோடு எலெக்ட்ரிக் வேலை, மோட்டார் ரிப்பேர் எல்லாம் கற்றுக்கொண்டார். 1937-இல் சினிமாவிலும் தலை காட்டினார். சில படங்களோடு அது சரிப்படவில்லை என்று மேடைக்கே திரும்பிவிட்டார். சினிமாவில் இருந்து நாடகத்துக்குப் போகிறவனைப் பைத்தியம் என்று சொல்கிற உலகம் இது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

மேடைதான் அவருக்குச் சுபாவம். ஈ.வெ.ரா. பெரியாரின் கொள்கைகளை நாடகத்துக்குள் கொண்டு வந்தார். கொண்டு வந்தார் என்று மெதுவாகச் சொல்கிறேன். உண்மையில் கல்லெறிகிற மாதிரி எறிந்தார். எழுதிக் கொடுத்த வசனத்தோடு நிற்க மாட்டார். அன்றைய காலைப் பத்திரிகையில் வந்த செய்தி ராத்திரி நாடகத்தில் வசனமாகிவிடும். சபையில் யாராவது கூச்சல் போட்டால் அதற்கும் மேடையிலிருந்து பதில் வரும்; கூச்சல் போட்டவரே கை தட்டுவார். 'நடிகவேள்' என்ற பட்டம் பட்டுக்கோட்டை அழகிரி கொடுத்தது. 1954-இல் அவர் போட்ட ராமாயண நாடகம் ஆஸ்திகர்களின் மனத்தைப் புண்படுத்தி, பெரிய ரகளையாயிற்று. அதே வருஷம் சென்னை ராஜ்யத்தில் நாடகங்களைக் கட்டுப்படுத்தப் புதிய சட்டம் ஒன்று வந்தது. வெள்ளைக்காரன் 1876-இல் நாடகங்களுக்கு ஒரு சட்டம் போட்டான். நம்மவர்கள் போட்டபோது அவர்கள் கண் முன் நின்றவர் பெரும்பாலும் இந்த ஒரு மனுஷர்தான். அவருடைய கட்சியை ஒப்புக்கொள்ளாதவர்கள்கூட இதை ஒரு கௌரவம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இத்தனைக்கும் மேலே நிற்பது 'ரத்தக் கண்ணீர்'. திருவாரூர் தங்கராசு எழுதிய நாடகம். சீமை போய்த் திரும்பிய பணக்காரன் மோகனசுந்தரம், தாயையும் மனைவியையும் உதறிவிட்டுத் தாசி வீட்டோடு கிடக்கிறான். பெருநோய் வருகிறது. அவள் துரத்துகிறாள். தெருவில் விழுகிறான். கடைசியில் தன் மனைவியைத் தன் நண்பனுக்கே மறுமணம் செய்து வைக்கிறான். ஊர் ஊராக இதை எத்தனை நூறு தடவை ஆடினார்கள்! 1954-இல் கிருஷ்ணன் – பஞ்சு டைரக்‌ஷனில் படமாக வந்தது. 'நந்தனார்' படத்துக்கு கே.பி. சுந்தராம்பாள் லட்ச ரூபாய் வாங்கினார் என்று கேள்விப்பட்டு, அதற்கு மேலே கால் லட்சம் சேர்த்துக் கேட்டார் ராதா என்று சொல்வார்கள். அதன் பிறகு பாகப் பிரிவினை, பாவ மன்னிப்பு, பலே பாண்டியா, கற்பகம் என்று வரிசையாக எத்தனையோ படங்கள். சிவாஜி கணேசன் எதிரே நின்றால் மற்றவர்கள் காணாமல் போவார்கள். ராதா நின்றால் நமக்கு யாரைப் பார்ப்பது என்று கஷ்டமாகிவிடும். வெளிநாட்டு இம்பாலா காரை வாங்கி அதன் மேலே மாட்டுக்கு வைக்கோல் ஏற்றிக்கொண்டு போன கதையும் உண்டு. எனக்கு அவரிடம் பிடித்த குணமே அதுதான்: எந்தப் பெருமைக்கும் வைக்கோல் பாரம் ஏற்றிப் பார்த்துவிடுவார்.

இனி நான் சொல்ல நினைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

செங்கற்பட்டுக்கு அருகே திருமணி என்ற இடத்தில் ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. 1920-களில், சென்னைக் கவர்னராக இருந்த வில்லிங்டன் பிரபுவின் மனைவி பெயரால் ஏற்பட்ட தொழுநோய் ஆரோக்கிய நிலையம். 1955-இல் மத்திய சர்க்கார் அதை எடுத்துக்கொண்டு ஆராய்ச்சி நிலையமாக ஆக்கிற்று. பல காலமாக நம் நாட்டில் இந்த நோய்க்கு நீரடிமுத்து எண்ணெயை விட்டால் வேறு கதி கிடையாது. 1940-களில் அமெரிக்காவில் கந்தகச் சேர்மான மருந்துகள் பலன் தந்தன என்று தெரிந்ததும், திருமணியில் இருந்த ராபர்ட் காக்ரேன் என்ற டாக்டர், டாப்ஸோன் என்ற மலிவான மருந்தை எண்ணெயில் கலந்து ஊசியாகப் போட்டுப் பார்த்தார். 1946-ஐ ஒட்டிய சமயம் அது. பலித்தது. உலகம் முழுவதும் ஏழைகளுக்கு எட்டக்கூடிய மருந்து ஒன்று இந்த ஊரில் கையில் வந்து நின்றது.

அடுத்த வருஷம் பால் பிராண்ட் என்ற இளம் சர்ஜன் வேலூரிலிருந்து திருமணியைப் பார்க்க வந்தார். கொல்லி மலையில் பிறந்த வெள்ளைக்காரர். விரல்கள் மடங்கி இறுகிப்போன ஒரு நோயாளியிடம், "என் கையை அழுத்தும், பார்க்கலாம்" என்று தம் கையைக் கொடுத்தார். அந்த மனிதர் அழுத்தினார். டாக்டருக்கு உயிர் போகிற வலி! மற்றவர்களாக இருந்தால் கையை உதறிக்கொண்டு கோபித்துக்கொள்வார்கள். பிராண்டுக்குச் சந்தோஷம். கை செத்துப் போகவில்லை, இத்தனை பலம் உள்ளே இருக்கிறது, நல்ல தசை நாண்களை மாற்றி வைத்துத் தைத்தால் விரல்கள் மறுபடி விரியும் என்று அந்த ஒரு நிமிஷத்தில் தோன்றிவிட்டது. வேலூருக்குத் திரும்பி அப்படியே செய்தும் காட்டினார். விரல்கள் தாமாக உதிர்வதில்லை, உணர்ச்சி இல்லாததால் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும் புண்ணாகி இழக்கிறார்கள் என்பதையும் அவர்தாம் உலகுக்கு அழுத்திச் சொன்னார்.

இந்தத் தேதிகளை நாடகத்தோடு சேர்த்துப் பாருங்கள். திருமணியில் நோய் தீருகிறது என்று கண்டுகொண்டாயிற்று. மடங்கின விரலை நிமிர்த்துகிறார்கள். அதற்குப் பிறகு நமது கொட்டகைகளில் அதே நோய், பரத்தையர் வீட்டுக்குப் போனவனுக்குக் கிடைத்த கூலியாக, ஊரெல்லாம் பார்த்து நடுங்கும்படி ஆடிக்கொண்டிருக்கிறது! கிருமியால் வரும் நோய் என்று நார்வே தேசத்து ஹான்சன் 1873-லேயே கண்டு சொன்னது. ஒழுக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பெரும்பாலோருக்கு அருகில் இருந்தாலும் தொற்றுவதில்லை. கர்மபலன் என்ற பேச்சையே காறி உமிழ்ந்த ஒரு பகுத்தறிவு நாடகம், கதையின் முடிச்சுக்குக் கர்மபலனைப் போன்ற ஒன்றைத்தான் நம்பியிருந்தது என்பதை எத்தனை பேர் கவனித்தோம்? ராதாவிடம் எனக்குள்ள பக்தி குறையாமலேதான் இதைச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் எல்லோரும் நம்பியதைத்தான் நாடகமும் நம்பியது. என்ன கஷ்டம் என்றால், சுமாராக நடித்திருந்தால் ஜனங்கள் மறந்திருப்பார்கள். அவர் மகா நடிகர். மறக்க விடவில்லை.

அதற்கு நானே சாட்சி.

எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் 'ரத்தக் கண்ணீர்' திரும்பத் திரும்ப வரும். எனக்குப் பத்துப் பதினொரு வயசு. கூட்டாளிகளுக்குள் ராதா குரல் எனக்குத்தான் நன்றாக வரும் என்று பெயர். கோயில் குளத்துப் படிக்கட்டில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். முன்பு தையல்காரராக இருந்தவர். நோய் கண்ட பிறகு வீட்டாரே வெளியே வைத்துவிட்டார்கள். விரல்களில் எப்போதும் துணி சுற்றியிருக்கும். அந்தத் துணிச் சுற்று மட்டும் ஒரு பிசிறு இல்லாமல், தையல்காரன் கை என்று தெரியும்படி இருக்கும். ஒருநாள் சாயங்காலம் நாலைந்து பயல்கள் உசுப்பிவிட, நான் மேல்துண்டைக் கிழித்துக் கையில் சுற்றிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து, அவருக்கு எதிரேயே அந்தக் குரலில் பேசிக் காட்டினேன்.

அவர் கடைசி வரைக்கும் பார்த்தார். பிறகு, "நல்லா இருக்கு தம்பி. ஆனா ராதா இழுக்கறது இந்தக் கால் இல்லே, அந்தக் கால்" என்றார்.

பயல்கள் ஓவென்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று ராத்திரி படுத்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அவரைக் கொட்டகைக்குள் யாரும் விட்டிருக்க மாட்டார்கள். வெளியே நின்று வசனம் கேட்டிருக்கலாம். ஆனால் எந்தக் காலை இழுத்தார் என்பது காதில் கேட்டால் தெரியாது. கீற்றை விலக்கிக்கொண்டு இடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறார். எத்தனை நாள் பார்த்தாரோ!

அதன் பிறகு அந்தப் படிக்கட்டுப் பக்கம் போகவே எனக்குக் கால் வரவில்லை. வேறு தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ அவர் அங்கே இல்லை.

ராதா சிறையில் சுமார் நாலு வருஷம் இருந்துவிட்டு 1971-இல் வெளியே வந்தார். அவருடைய வாழ்க்கைக் கதையை அவர் சொல்லச் சொல்லக் கேட்டு எழுதியவர் எழுத்தாளர் விந்தன். விந்தனும் செங்கற்பட்டு ஜில்லாக்காரர்தான், நாவலூரில் பிறந்தவர். அச்சுக் கோத்த கையால் கதை எழுத வந்தவர். 'சிறைச்சாலைச் சிந்தனைகள்' என்ற அந்தப் புஸ்தகத்தைப் படித்தால் ராதா எதிரே உட்கார்ந்து பேசுகிற மாதிரியே இருக்கும். தம்மைப் பற்றிப் பேசும்போது ஒளிவு மறைவு இல்லை. கொஞ்சம் ஜம்பம் உண்டு. பச்சாத்தாபம் என்று ஒன்றைத் தேடினால் கிடைப்பது சிரமம். வெளியே வந்தவர் மறுபடி மேடை ஏறினார், மறுபடியும் 'ரத்தக் கண்ணீர்'. நெருக்கடி நிலையின்போது 1976-இல் மிசாவில் பிடித்து மறுபடி உள்ளே வைத்தார்கள். 1979 செப்டம்பர் 17-ஆம் தேதி திருச்சியில் காலமானார். பெரியாரின் பிறந்த நாள் அது. அன்று ராஜ்யத்தின் முதல் மந்திரி எம்.ஜி.ஆர்.

நோயின் கதையும் பிறகு வெகு தூரம் வந்துவிட்டது. 1981-இல் உலக சுகாதார ஸ்தாபனம் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையைச் சிபாரிசு செய்தது. ஆறு மாதமோ ஒரு வருஷமோ சாப்பிட்டால் தீர்ந்துவிடுகிறது. ஆனால் கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் இருந்தால் விவாகரத்து வாங்கலாம் என்ற விதியை நமது சட்டப் புஸ்தகத்திலிருந்து எடுப்பதற்கு 2019-ஆம் வருஷம் வரை ஆயிற்று. மருந்து முன்னே போய்விட்டது. சட்டம் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்தது.

பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் தாண்டும் வரை இதையெல்லாம் பையனிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். குளத்துப் படிக்கட்டுக் கதையை இதற்கு முன் நான் யாரிடமும் சொன்னதில்லை. மாமல்லபுரத்தில் இறங்கினதும் அவன் கேட்டபடி கலங்கரை விளக்கத்துக்குப் போனோம். பழைய விளக்கு மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மேலே உள்ள பல்லவர் கோயில் உச்சியில் எரிந்தது. பக்கத்திலேயே கல்லால் கட்டிய இந்தக் கோபுரம் அதற்குப் பிற்பாடு வந்தது. எம்.ஜி.ஆரின் 'கலங்கரை விளக்கம்' படத்துக்கும் இந்த ஊர்தான் களம். ஜனங்கள் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கீழே உளிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

எனக்கு மூட்டு வலி. பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பையன் மேலே ஏறிப் பார்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"மாமா, உங்கள் ஊரிலிருந்து செங்கற்பட்டு எவ்வளவு தூரம்?"

"ரயிலில் நாலு மணி நேரம்."

"அப்போது அந்த ஆஸ்பத்திரி இருந்ததா?"

"இருந்தது. மருந்தும் இருந்தது."

"யாராவது அவரை ரயில் ஏற்றி விட்டார்களா?"

"இல்லை" என்றேன்.